பெங்களூர் வீடுகளில் கேமரா: பெற்றோரின் பொழுதுபோக்கும் பிள்ளைகளின் பார்வையும்

பெங்களூரின் புகைப்பட வரலாறு பெரும்பாலும் ஸ்டுடியோக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்திருக்கிறது. இன்று மகாத்மா காந்தி சாலை எனப்படும் அன்றைய சவுத் பரேடின் கடைகளும், அரண்மனைக்கும் படைமுகாமுக்கும் படமெடுத்துக் கொடுத்த நிறுவனங்களும், மணமக்கள் சென்று அமர்ந்த ஓவியத் திரைகளுமே அதை நிரப்புகின்றன. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகக் கேமராவைத் தொட்டவர்கள், அதாவது அலுவலகமும் ஆலையும் மருத்துவமனையும் விட்ட நேரத்தில் படம் பிடித்தவர்கள், அதில் இடம்பெறுவது அரிது. ஆயினும் இந்நகரில் இக்கலை தொடங்கியதும் செழித்ததும் பெருமளவு அவர்கள் கையில்தான். அவர்களில் பலர் தாய்தந்தையர். அவர்களுடைய கேமரா முதலில் திரும்பியது தம் பிள்ளைகளின் பக்கம். காலப்போக்கில் அது அப்பிள்ளைகளின் கைக்கே போய்ச் சேர்ந்தது. இந்தக் கைமாற்றம் இந்நகரின் சமூக வரலாற்றில் தனியே ஆராயத்தக்க ஓர் இழையாகும்.

பெங்களூரில் இக்கலையின் தொடக்கக் காலத்திலேயே ஒரு பொழுதுபோக்காளர் நிற்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது புகைப்படம் எடுக்கக் கற்று, 1853இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினராகி, 1854இல் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டின் டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை அவர் படமெடுத்தது சொந்த விருப்பத்தின் பேரில்தான். 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவர் வைத்த படங்களுக்கு முதல் தரப் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே மதராஸ் மாகாண அரசின் புகைப்படக் கலைஞர் என்ற பதவியும் வந்தது. 1857இல் பெங்களூரில் பணிமனை அமைத்துக்கொண்ட டிரைப், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களை மெழுகிட்ட காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். காகிதத்தில் மெழுகேற்றினால் அது ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, அச்சில் நுண்ணிய விவரங்களைத் தெளிவாகத் தரும். இம்முறையின் பயன் அதுவே. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பல நெகட்டிவ்களில் எடுத்து ஒரே நீண்ட படமாக இணைத்தது இன்றளவும் வியக்கத்தக்க உழைப்பு. 1859இல் மதராஸ் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை வீண்செலவு என்று கருதி நிறுத்த, 1860இல் பணிமனை மூடப்பட்டது.

டிரைப் பயன்படுத்திய கருவிகளைச் சுமக்க ஆட்களும் வண்டிகளும் தேவைப்பட்டன. அத்தகைய கேமரா குடும்ப வாழ்வுக்குள் நுழைய முடியாது. படச்சுருள், அதாவது ஒளியுணர் பூச்சுப் பூசிய நீண்ட நாடாவை உருளையில் சுற்றிய ஃபிலிம், அதை இயலச் செய்தது. அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் நிறுவனம் 1888இல் கோடாக் கேமராவையும், 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்ற பெட்டிக் கேமராவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரௌனி முதன்மையாகச் சிறுவர் சிறுமியரை மனத்தில் வைத்தே விளம்பரப்படுத்தப்பட்டது என்பது இங்கே முக்கியமானது. ஏனெனில் குழந்தைகளுக்கென்று செய்யப்பட்ட அந்தப் பெட்டிக் கேமராவும் அதன் வழிவந்தவையும் இந்தியாவில் பெரியவர்களின் உடைமையாக, பீரோவில் பூட்டி வைக்கும் பொருளாக மாறின. விலையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அதற்குக் காரணம். விலையுயர்ந்த எதையும் பிள்ளை கையில் கொடுக்கலாகாது என்ற வீட்டு வழக்கமும் சேர்ந்துகொண்டது.

கேமராவைப் பிள்ளையும் பெற்றோரும் பகிர்ந்துகொண்ட குடும்பங்கள் என்ன அடைந்தன என்பதற்கு வேறிடங்களில் நல்ல சான்றுகள் உண்டு. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரோனுக்கு 1863இல், அவரது 48ஆம் வயதில், முதல் கேமராவைப் பரிசளித்தவர்கள் அவருடைய மகளும் மருமகனும். பொழுதுபோக்காக வந்த அது அவரை 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த உருவப்படக் கலைஞர்களில் ஒருவராக்கிற்று. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்குள்ள உழைப்பாளர்களையும் எடுத்து, 1879இல் அங்கேயே மறைந்தார். அவருடைய மகன் ஹென்றியும் புகைப்படக் கலைஞரானார். பிரான்ஸில் ஜாக் ஆன்றி லார்த்திக் என்ற சிறுவனுக்கு, இக்கலையில் ஈடுபாடு கொண்ட தந்தையே கேமரா வாங்கிக் கொடுத்தார். படியிலிருந்து குதிப்பவர், காற்றில் எழும் விமானம், விரையும் மோட்டார் வண்டி என்று அச்சிறுவன் எடுத்தவை பெரியவர் எவரும் அன்று எடுக்க நினைக்காதவை. அவற்றின் கலைமதிப்பை உலகம் உணர 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கண்காட்சி வைக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கவர் உம்ராவ் சிங் ஷேர்கில். சமஸ்கிருதத்திலும் தத்துவத்திலும் ஆழ்ந்திருந்த இவர், தம்மையும் மனைவியையும் மகள்கள் அம்ரிதா, இந்திரா இருவரையும் பல பதிற்றாண்டுகள் இடைவிடாது படமெடுத்தார். அம்ரிதா ஷேர்கில் ஓவியராகப் புகழ்பெற, தந்தையின் படங்கள் நெடுங்காலம் குடும்பச் சொத்தாகவே கிடந்தன. இந்திராவின் மகனும் கலைஞருமான விவான் சுந்தரம் 2001ஐ ஒட்டி அவற்றைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்துப் புதிய படைப்புகளாக்கிய பின்னரே உம்ராவ் சிங் ஒரு கலைஞராகப் பரவலாகப் பேசப்பட்டார். பெற்றோரின் பொழுதுபோக்குக்குக் கலை மதிப்பைப் பெற்றுத் தந்தது அடுத்தடுத்த தலைமுறையின் கண் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெங்களூரில் இத்தகைய பொழுதுபோக்காளர் கூட்டம் பெருகியதற்கு அந்நகரின் தொழில் அமைப்பே அடிப்படை. 1940இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையும், விடுதலைக்குப் பின் 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்எம்டி, 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று அடுத்தடுத்து வந்த பொதுத்துறை நிறுவனங்களும், மாதச் சம்பளமும் இயந்திரப் பழக்கமும் உடைய ஒரு நடுத்தர வர்க்கத்தை உருவாக்கின; அதில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. லென்ஸையும் ஷட்டரையும் கழற்றிப் பார்க்க அஞ்சாத கைகள் அவை. மருத்துவரான ஜி. தாமஸ் இந்நகரிலிருந்துகொண்டு இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பை உருவாக்குவதில் முன்னின்றார். இந்தியப் புகைப்பட வரலாறு குறித்து 1981இல் அவருடைய நூல் வெளிவந்தது. மைசூர் புகைப்படச் சங்கமும், 1971இல் தொடங்கிய இளைஞர் புகைப்படச் சங்கமும் உறுப்பினர்களுக்கு மாதந்தோறும் போட்டியும் விமர்சனமும் நடத்தி, சலான் எனப்படும் நடுவர் தேர்வுக் கண்காட்சிகளுக்கு அவர்களைத் தயார்ப்படுத்தின.

இச்சங்கங்கள் வளர்த்த அழகியல் பிக்டோரியலிசத்தின் வழிவந்தது. அதாவது புகைப்படமும் ஓவியத்தைப் போலத் திட்டமிட்டு அமைக்கப்பட வேண்டும், பார்வையை இழுக்கும் மையம் அதில் இருக்க வேண்டும், தேவையற்றது எதுவும் ஓரத்தில் தெரியக் கூடாது என்ற கொள்கை. அது கற்பித்த ஒழுங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதல்ல. கானுயிர்ப் புகைப்படத்தில் இந்நகரம் நாட்டுக்கே வழிகாட்டியதற்கு அந்த ஒழுங்கே காரணம். அத்துறையில் ஓ.சி. எட்வர்ட்ஸிடம் பயின்றவர் டி.என்.ஏ. பெருமாள் (1932–2017), பெயரின் முதலெழுத்தில் தஞ்சாவூரைத் தாங்கி, வாழ்நாளைப் பெங்களூரில் கழித்து, பல தலைமுறை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். கர்நாடக மாநில நிதியமைச்சராக இருந்த எம்.ஒய். கோர்ப்படேயும், ஈ. ஹனுமந்த ராவும் இதே காலத்துக் கானுயிர்ப் புகைப்படக் கலைஞர்கள். குருவிடமிருந்து மாணவருக்குச் சென்ற இந்தக் கொடை வரிசையில் கலை செழித்தது உண்மை. ஆனால் கற்றுக்கொள்ளாத ஒரு குழந்தையின் பார்வைக்கு அந்த வரிசையில் இடமிருக்கவில்லை என்பதும் உண்மையே.

வீட்டுக்குள் நிலைமையைத் தீர்மானித்தது படச்சுருளின் சிக்கனம். இந்தியாவிலேயே தயாரான ஆக்ஃபா கிளிக் மூன்று, நடுத்தரக் குடும்பங்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய கேமராவாக இருந்தது. ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள். 1960இல் நிறுவப்பட்டு 1967 முதல் உற்பத்தியைத் தொடங்கிய உதகமண்டலத்து இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளை விற்றது. 12 படங்களும் தீர்வதற்குள் ஒரு பிறந்தநாளும் ஒரு பொங்கலும் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குச் சென்று வந்த ஒரு ஞாயிறும் கடந்துவிடும். கண்ணாடி மாளிகையின் முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் இல்லாத பழைய ஆல்பம் பெங்களூரில் குறைவு. விரும்பிய சிலர் குளியலறையையே இருட்டறையாக்கி, டெவலப்பர், ஹைப்போ ஆகிய கரைசல்களைத் தட்டுகளில் ஊற்றி, சிவப்பு விளக்கொளியில் தாமே அச்சிட்டனர். கழுவும் தட்டை மெல்ல அசைக்கும் வேலை மட்டும் பிள்ளைக்குக் கிடைக்கலாம். பொத்தானை அழுத்தும் உரிமை எளிதில் கிடைக்காது.

இதன் விளைவு அக்கால ஆல்பங்களிலேயே பதிந்திருக்கிறது: கேமராவை வைத்திருந்தவர் எந்தப் படத்திலும் இல்லை. பிள்ளைகள், மனைவி, பாட்டி, விருந்தினர், பக்கத்து வீட்டார் எல்லாரும் இருக்க, பெரும்பாலும் குடும்பத் தலைவரே காணாமற்போயிருக்கிறார். அவர் முதன்முதலாகத் தென்படும் படம் எதுவோ, அதுதான் கேமரா வேறொரு கைக்குப் போன நாளின் சான்று; பல வீடுகளில் அந்தக் கை ஒரு பிள்ளையுடையது. அத்தகைய படங்களில் தலை ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும், தரை மிகுதியாகத் தெரியும், நாற்காலியின் கால்கள் முன்னுக்கு வந்து நிற்கும். மூன்றடி உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு உலகம் அப்படித்தான் அமைகிறது. சங்கத்து விதிகளின்படி இவை குறைகள்; ஆனால் தந்தையை நிமிர்ந்து பார்க்கும் கோணத்தில், போஸ் கொடுக்கத் தெரியாத ஒரு நொடியில் அவரைப் பிடித்திருப்பதால், முறையாக எடுக்கப்பட்ட பல படங்களைவிட இவற்றில் மனிதர் மிகுதியாகத் தெரிகிறார். விதி தெரிந்த பெற்றோர் இதைக் கண்டு வியந்து போவதில் மிகையில்லை. எதை ஒதுக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பழகியவருக்கு, ஒதுக்கப்பட்டதிலும் அழகு உண்டு என்று காட்டுவது அந்தக் குழந்தைதான்.

குழந்தையைப் பார்க்கும் முறையிலும் இந்த மண்ணிலிருந்தே ஒரு மாற்றம் வந்தது. மைசூரில் பிறந்து, பெங்களூரில் டெக்கன் ஹெரால்டு நாளிதழில் பணியாற்றிய டி.எஸ். சத்யன் (1923–2009), பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமல் அவர்களுடைய விளையாட்டிலும் வேலையிலும் எடுத்தவர். சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979இல் அவருடைய குழந்தைப் படங்கள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவைத் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகமும் அவருடைய படங்களைக் காட்சிப்படுத்தியது. தொழில்முறைக் கலைஞரான அவரிடம் பொழுதுபோக்காளர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, குழந்தையின் தனித்தன்மையை மதிக்கும் அந்தப் பொறுமையே.

வண்ணச் சுருளும் அதை உடனுக்குடன் அச்சிடும் லேபுகளும் 1980களில் பரவி, அடுத்த இருபது ஆண்டுகளில் டிஜிட்டல் கேமராவும் பின்னர் கைப்பேசியும் வந்தபின், 12 படங்களின் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. ஐந்து வயதுக் குழந்தையும் இன்று தடையின்றி எடுக்கிறது. ஆனால் எடுத்தவர் யார் என்ற கேள்விக்கு முன்னைவிடக் குறைவாகவே விடை கிடைக்கிறது. கோப்புடன் சேமிக்கப்படும் தகவலில் கருவியின் பெயரும் நேரமும் இருக்கும். விரல் யாருடையது என்பது இருக்காது. குழந்தை எடுத்த நல்ல படம் தந்தையின் கைப்பேசியில் தந்தையின் படமாகவே தங்கி, கருவி மாறும்போது அழிந்தும் போகிறது.

ஆகவே பழைய ஆல்பங்களை வைத்திருக்கும் குடும்பங்கள் சில எளிய வேலைகளைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். ஒட்டும் பிளாஸ்டிக் பக்கங்களில் உள்ள படங்களைக் கிழியாமல் பிரித்து, அமிலமற்ற காகித உறைகளில் வைத்து, நெகட்டிவ்களைத் தூக்கி எறியாமல் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் தனியே காக்க வேண்டும். கறுப்பு வெள்ளை அச்சுகளின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், பென்சில் பதியாத வண்ணப் படங்களானால் உறையின் மேல், ஊரையும் ஆண்டையும் எழுதுவதோடு, எடுத்தவரின் பெயரையும் எழுத வேண்டும். எடுத்தது பிள்ளையானால் அன்றைய வயதையும் சேர்த்து எழுத வேண்டும். எடுத்தவரை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும்.