விரைவு மாற்றுவழிப் பாதுகாப்பு

விரைவு மாற்றுவழி என்பது, வடம் அறுந்தாலோ திசைவி செயலிழந்தாலோ, முன்பே அமைத்து வைத்த வேறொரு பாதைக்குத் தரவைச் சில பத்து மில்லிநொடிகளில் திருப்பிவிடும் முறையாகும். எம்.பி.எல்.எஸ். எனப்படும் சிட்டை மாற்ற வலையமைப்புகளில் இது பயன்படுகிறது.

தோற்றம்

தொலைபேசி நிறுவனங்களின் எஸ்.டி.எச். வளையங்கள், பழுது ஏற்பட்டால் 50 மில்லிநொடிகளில் மறுபாதைக்கு மாறின. அதற்கு ஈடாக வளையத்தின் பாதிக் கொள்ளளவு சும்மா கிடந்தது. இணையத் திசைவிகளோ பழுதை ஒன்றுக்கொன்று அறிவித்துப் புதுப் பாதையைக் கணக்கிடப் பல நொடிகள் எடுத்துக்கொண்டன.

2001 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 3031 சிட்டை மாற்றத்தின் கட்டமைப்பை வரையறுத்தது. நுழைவுத் திசைவி தரவுப் பொதியில் சிட்டை ஒட்டும். இடையிலுள்ளவை சிட்டையை மட்டும் பார்த்து அனுப்பும். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 3209, பாதையைக் குறிப்பிட்டு அலைவரிசையை ஒதுக்க வழிசெய்தது. ஆயினும் பழுதுச் செய்தி நுழைவுத் திசைவியை அடைந்த பிறகே புதுப் பாதை பிறந்தது. 2005 மே மாதத்தில் வெளியான ஆர்.எஃப்.சி. 4090 இதை மாற்றியது. பழுதுக்கு முந்தைய திசைவியே உடனே தரவைத் திருப்பும். நுழைவுத் திசைவி பின்னர் நிலையான பாதையைத் தேடிக்கொள்ளும்.

இரு வகைகள்

ஒவ்வொரு பாதைக்கும் தனி மாற்றுவழி அமைப்பது முதல் வகை. பல பாதைகளுக்கு ஒரே சுற்றுவழி அமைத்து, பொதியின் மேல் இன்னொரு சிட்டையை அடுக்கி அனுப்புவது இரண்டாம் வகை. பின்னதில் திசைவிகள் நினைவில் வைக்கவேண்டிய பாதைகள் குறைவு. சுற்றுவழி அடுத்த திசைவியில் முடிந்தால் வடத்துக்கு மட்டும் காப்பு. அதற்கும் அடுத்ததில் முடிந்தால் இடைப்பட்ட திசைவிக்கும் காப்பு.

இந்தியாவில்

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதைத் தாங்கிய இரண்டாம் தேசிய இணைய முதுகெலும்பு எம்.பி.எல்.எஸ். அடிப்படையில் அமைந்தது.

திட்டமிடலின் சிக்கல்

வரைபடத்தில் இரண்டாகத் தெரியும் பாதைகள் மண்ணில் ஒன்றாக இருக்கலாம். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடி வடங்கள் ஒரே நாளில் அறுந்து, இந்தியாவின் இணைய வேகம் வெகுவாகக் குறைந்தது. வெவ்வேறு வடங்களாயினும் அவை சென்ற கடற்பகுதி ஒன்றே.

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தவளக்குப்பம் செல்பவர் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றைக் கடக்க வேண்டும். முதன்மை வடமும் மாற்று வடமும் அந்த ஒரே பாலத்தில் பதிக்கப்பட்டால், ஆற்று வெள்ளம் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில்தான். இத்தகைய இடத்தில் மேற்கே விழுப்புரம் வழியாகச் சுற்றி வரும் வடமே உண்மையான மாற்றுவழி.

இதற்காகவே ஒரே பாலம், ஒரே குழாய், ஒரே பள்ளம் ஆகியவற்றைப் பகிரும் வடங்களைப் 'பகிர்வு இடர்க் குழு' எனக் குறித்துவைக்கின்றனர். மாற்றுவழியைக் கணக்கிடும் திசைவி, முதன்மை வடம் இடம்பெற்ற குழுவைத் தவிர்க்கும். எந்த வடம் எந்தப் பாலத்தில் செல்கிறது என்பது திசைவிக்குத் தானாகத் தெரியாது. அதை நேரில் பார்த்துப் பதிவு செய்யாவிட்டால், 50 மில்லிநொடிப் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றுவிடும்.