துருவேறிய மோரிஸ் மைனர்: வீட்டுக் கொட்டகைச் சீரமைப்பின் வரலாறு

மோரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட சிறிய கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. 1960 டிசம்பரில் 10 லட்சமாவது வண்டி உருவானபோது, அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரையும் இது பெற்றது. செவிலியர், அஞ்சல் துறையினர், ஆசிரியர் எனச் சாதாரண மக்கள் ஓட்டிய வண்டி இது. இந்தியாவிலும் உத்தர்பாராவிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதையே ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் சில காலம் தயாரித்தது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும் பல்லாயிரம் மைனர்கள் ஓடுகின்றன. அவற்றில் பெரும் பகுதி, பட்டறை முதலாளிகள் அல்லாத எளிய உரிமையாளர்கள் தம் வீட்டுக் கொட்டகையில் தகடு வெட்டி ஒட்டிக் காப்பாற்றியவை. அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தகடே எலும்பானது

பழைய கார்களுக்கு ஏணி போன்ற தனி அடிச்சட்டம் உண்டு. எஞ்சின், சக்கரம், உடற்கூடு மூன்றும் அதன் மேல் பொருத்தப்படும். உடற்கூடு துருப்பிடித்தால் வண்டி அசிங்கமாகத் தெரியும், ஆனால் ஓடும். இத்தாலியின் லான்சியா லாம்டா (1922) போன்ற வண்டிகள் இந்த முறையை மாற்றின. தனிச்சட்டம் போய், அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த கூடே பாரத்தைத் தாங்கத் தொடங்கியது. தூண்கள் மேல் நிற்கும் வீட்டுக்கும் சுவரே பாரம் தாங்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. தூண் வீட்டில் ஒரு சுவரை இடிக்கலாம். மற்றதில் இடித்தால் கூரை இறங்கும்.

மோரிஸ் மைனர் பெரும்பாலும் இரண்டாம் வகை. முன்புறத்தில் எஞ்சினைத் தாங்க இரு பெட்டிக் கால்கள் நீளும். அவை முன் இருக்கைகளுக்குக் கீழே உள்ள குறுக்குச்சட்டத்தில் வந்து சேரும். முன் சக்கரங்களின் எடையைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் பின்முனை இந்தக் குறுக்குச்சட்டத்தில்தான் பூட்டப்பட்டுள்ளது. அதிலிருந்து பாரம் தரைத்தகட்டுக்கும், கதவுகளுக்குக் கீழே வாசற்படி போல ஓடும் பெட்டி வடிவப் பகுதிக்கும் போகிறது. படிப்பெட்டி எனச் சொல்லத்தக்க அப்பகுதி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலங்காரப் பட்டை போலத்தான் தெரியும்.

தகட்டை வெட்டி ஒட்டும் வேலையை இந்த வண்டியில் முதலில் செய்தவர் அதன் வடிவமைப்பாளரே. உற்பத்திக்குச் சற்று முன் வண்டி ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். மைனரின் பானட் நடுவில் இன்றும் காணும் தட்டையான பட்டை அதன் அடையாளம். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், தொடக்க கால வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி இடையில் துண்டு வைத்துப் பொருத்தினார்கள்.

துரு தங்கும் இடங்கள்

இரும்பு, நீர், உயிர்வளி மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதை விரைவுபடுத்தும். பிரித்தானியாவில் குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவுகிறார்கள். சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு மட்கார்டின் உட்புற விளிம்பிலும், முகப்பு விளக்குக் கிண்ணத்தின் பின்னாலும், பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் தாங்கிகளிலும் படிந்து, கோடைவரை ஈரத்தோடு கிடக்கும். கதவுக் கண்ணாடியை ஒட்டி இறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் துளைகள் உண்டு. தூசி அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே நின்று கதவின் அடிவிளிம்பைத் தின்னும்.

மட்கார்டுகள் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை, கழற்றி மாற்றலாம். இந்த ஒரு வசதிதான் மைனரைத் தொடக்கநிலையாளருக்கு ஏற்ற வண்டியாக்கியது. உண்மையான கேடு பெட்டிப் பகுதிகளுக்குள் இருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த வண்ணம் அவற்றின் உட்புறத்தைச் சரியாக எட்டவில்லை. துரு உள்ளிருந்து வெளியே அரித்து வரும். வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். துருவின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைவிடப் பல மடங்கு கூடுதல். எனவே ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த இரு தகடுகளுக்கு இடையே அது நுழைந்தால் இரண்டையும் ஆப்பு வைத்தாற்போல் பிளந்துவிடும். குறுக்குச்சட்டத்தின் முனையில் ஜாக்கி செருகும் குழாய் இருக்கிறது. பல உரிமையாளர்களுக்கு நோய் தெரியவந்தது டயர் மாற்றும் நாளில்தான்: ஜாக்கி மேலே ஏறும், வண்டி ஏறாது.

1977ஆம் ஆண்டு விதி

பிரித்தானியாவில் பழைய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை 1960இல் வந்தது. அதை நடத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரை ஒட்டி எம்.ஓ.டி. சோதனை என்று அழைத்தார்கள். முதலில் 10 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டும். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். 1967இல் 3 ஆண்டு ஆன வண்டிகளுக்கும் அது விரிந்தது. 1977இல் உடற்கூட்டின் நிலையும் சோதனையில் சேர்ந்தது. வீட்டுச் சீரமைப்பின் வரலாற்றில் இதுவே திருப்புமுனை எனலாம்.

அதற்கு முன் துருத்துளையை மறைப்பதே பொது வழக்கம். பிசின் தோய்த்த கண்ணாடியிழைப் பாயை ஒட்டி, மேலே பாலியெஸ்டர் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் அடித்தால் ஓட்டை மறைந்துவிடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து மேலே பட்டி பூசியவர்களும் உண்டு. அழகுக்கு இது போதும், பாரம் தாங்க உதவாது. புதிய விதிப்படி, சக்கர அமைப்பு, ஸ்டியரிங், இருக்கைப் பட்டை ஆகியவற்றின் பிடிப்பு இடங்களைச் சுற்றி 30 செ.மீ. எல்லைக்குள் உள்ள தகடு வலுவாக இருக்க வேண்டும். அங்கே துரு பிடித்திருந்தால் எஃகுத் தகட்டைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தே சரிசெய்ய வேண்டும். பட்டியும் கண்ணாடியிழையும் ஏற்கப்படமாட்டா. மைனரில் இத்தகைய பிடிப்பு இடங்கள் அடிப்பகுதி முழுவதும் பரவிக்கிடக்கின்றன. சோதனைக்காரரின் சிறு சுத்தியல் தட்டலில் ‘டங்’ என்ற ஒலிக்குப் பதில் மொத்தையான ஒலி வந்தால் கதை முடிந்தது.

பட்டறையில் கொடுத்தால் கூலி வண்டியின் விலையை மிஞ்சும். எனவே உரிமையாளர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பழைய இரும்புக்குப் போடுவது. மற்றது, தானே பற்றவைக்கக் கற்பது.

வெல்டிங் வீட்டுக்கு வந்தது

அதுவரை டிங்கர் வேலைக்கு ஆக்சிஜனும் அசிட்டிலினும் கலந்து எரிக்கும் கேஸ் வெல்டிங்தான் துணை. தேர்ந்த கைகளில் அது அற்புதமான கருவி. ஆனால் சுமார் 1 மி.மீ. தடிமனே உள்ள கார்த் தகட்டில் அதன் சூடு அகலமாகப் பரவும். தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். சிலிண்டர்களை வீட்டில் வைப்பதும் ஆபத்து.

மெல்லிய கம்பி தானே நகர்ந்து வந்து உருக, அதைச் சுற்றிக் காப்பு வளி பாயும் மிக் வெல்டிங் முறை 1940களின் இறுதியில் அமெரிக்காவில் உருவானது. 1950களில் கரியமில வளியையே காப்பு வளியாகப் பயன்படுத்தத் தொடங்கியதும் செலவு குறைந்தது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறிய மிக் கருவிகள் 1980களில் கடைகளுக்கு வந்தன. இதே காலத்தில், 1980இல், ‘பிராக்டிகல் கிளாசிக்ஸ்’ என்ற இதழ் தொடங்கி, வண்டியைப் பிரித்துக் கோக்கும் முறைகளைப் படங்களோடு சொல்லிக்கொடுத்தது. தொழிற்பயிற்சிக் கல்லூரிகளின் மாலை நேர வெல்டிங் வகுப்புகளில் எழுத்தர்களும் ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் சேர்ந்தார்கள். சட்டம் கேட்டதைச் செய்துகொடுக்கும் கருவி, அதே நேரத்தில் எளியவர் கைக்கெட்டும் விலைக்கு வந்தது தற்செயல்தான். அந்தத் தற்செயல் இல்லாவிடில் மைனர்களில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கும்.

வேலையின் ஒழுங்கு

படிப்பெட்டியை மாற்றுவதே இந்த வேலையில் மிக நுட்பமானது. தவறு நேர்வதும் அதிகம் இங்கேதான். முதலில் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி, வண்டிக்கு வெகுதூரத்தில் வைக்க வேண்டும். மைனரில் அது பின்புறம் டிக்கியின் அடியில் இருக்கிறது. பின் வண்டியைச் சமதளத்தில், பாரம் இயல்பாக விழும் இடங்களில் தாங்கு வைத்து நிறுத்த வேண்டும். அதன் பிறகு செய்வதை அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள்: கதவைச் சாத்தி, சுற்றிலும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்வது, பின் கதவைக் கழற்றி, அந்த வாயிலின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பற்றவைப்பது. இது இல்லாமல் படிப்பெட்டியை அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை ஒட்டினால் கதவு இனி எக்காலத்திலும் சரியாகச் சாத்தாது. கூரை இல்லாத மைனரில் இந்தத் தொய்வு இன்னும் கடுமையாக இருக்கும். எந்த வண்டியானாலும் ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறு பக்கத்தைத் தொடலாம்.

அறுத்துப் பார்த்தால் முந்தைய கைகளின் வரலாறு தெரியும். மூல படிப்பெட்டி மேல் ஒரு மூடுதகடு, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் பட்டி என ஆண்டுதோறும் சோதனைக்காக ஒட்டிய அடுக்குகள் வெளிப்படும். துருவின் மேல் ஒட்டிய தகடு துருவை நிறுத்துவதில்லை. ஈரத்தைப் பொத்தி வைத்து வளர்க்கிறது. எனவே பளபளக்கும் நல்ல எஃகு தெரியும்வரை வெட்டி எடுப்பதே முறை. நல்லதையும் சேர்த்து வெட்டுகிறோமே என்று மனம் பதறுவது இயல்பு. பதறி நிறுத்தியவர்கள் அதே இடத்தை ஐந்தாறு ஆண்டுகளில் மறுபடி அறுத்திருக்கிறார்கள்.

புதுத் தகட்டை ஒரே இழுப்பில் பற்றவைக்கலாகாது. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என மாறி மாறி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்ப வேண்டும். தொழிற்சாலை தகடுகளைப் புள்ளிப் பற்றவைப்பால் இணைத்திருந்த இடங்களில், மேல் தகட்டில் துளையிட்டு அத்துளை வழியே கீழ்த்தகட்டோடு இணைக்கும் உத்தியைக் கையாண்டார்கள். தேய்த்துவிட்டால் மூல வேலையைப் போலவே இருக்கும். எஞ்சிய நுண்துருவைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த பூச்சு இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். கடைசியாகப் பெட்டிகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சுவார்கள். வண்ணம் பார்ப்பவர் கண்ணுக்கு. வண்டியின் ஆயுளுக்கு இந்த மெழுகு.

மரச்சட்ட வண்டி

1953இல் வந்த டிராவலர் வகையின் பின்பகுதி ஆஷ் மரச்சட்டங்களால் ஆனது. இது அலங்காரம் அன்று. பின்கூட்டின் பாரத்தைத் தாங்குவது. ஆகவே மரம் உளுத்திருந்தாலும் எம்.ஓ.டி. சோதனையில் வண்டி தோற்கும். காரைச் சோதிப்பவர் தச்சரைப் போல மரத்தைக் குத்திப் பார்க்கும் காட்சி வேறெந்த வண்டிக்கும் அரிது.

பாத் நகரமும் இலங்கையும்

வீட்டில் வேலை செய்பவருக்கு வளைத்த தகடுகள் எங்கிருந்து கிடைத்தன? தொழிற்சாலை இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. பாத் நகரில் 1976இல் மோரிஸ் மைனருக்கெனத் தனி மையம் தொடங்கிய சார்ல்ஸ் வேர் இதில் முக்கியமானவர். பழைய காரைப் படிப்படியாகப் புதுப்பித்துக்கொண்டே போவது புதுக் கார் வாங்குவதைவிடச் சிக்கனம் என்று வாதிட்டு 1982இல் ஒரு நூலும் எழுதினார்.

தகடுகளுக்கு அவர் திரும்பிய இடம் இலங்கை. அங்கே மோரிஸ் மைனர்கள் ஏராளம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய ஆண்டுகளில் உதிரிபாகம் வராததால், உள்ளூர்க் கைவினைஞர்கள் கண்ணால் பார்த்துக் கையால் தட்டியே மட்கார்டும் தரைத்தகடும் செய்யப் பழகியிருந்தார்கள். பிரித்தானியர் பொழுதுபோக்காகக் கற்ற தொழில் இலங்கையருக்கு வேறு வழியில்லாமல் கைவந்தது. 1990களில் வேர் இலங்கைக் கூட்டாளியுடன் சேர்ந்து அங்கே தகடுகளைச் செய்வித்தார். அவை பிரித்தானியக் கொட்டகைகளுக்குக் கப்பலேறின. எப்போதோ பிரித்தானியாவிலிருந்து வந்து இறங்கிய வண்டிக்கு, உறுப்புகள் எதிர்த்திசையில் போயின.

2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்குப் பிரித்தானியாவில் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. எல்லா மோரிஸ் மைனர்களும் இந்த விலக்கில் அடங்கும். வண்டியைப் பழுதின்றி வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உரிமையாளருடையதாகவே தொடர்கிறது. விரும்புவோர் சோதனைக்குக் கொண்டுபோகலாம். தாமே பற்றவைத்த குறுக்குச்சட்டத்தை இன்னொருவர் தட்டிப் பார்த்தால்தான் நிம்மதி என்று ஆண்டுதோறும் போகிறவர்களும் இருக்கிறார்கள்.