வமிசாவளியில் எழுதப்படாத பெயர்கள்

இங்கிலாந்தின் செல்வக் குடும்பத்தினர் தத்தம் வமிசாவளியைக் காத்துவரும் முறை வியப்புக்குரியது. பிறப்பு, மணம், இறப்பு என்பவற்றைத் தேவாலயப் பதிவேட்டில் எழுதுவித்தனர். உயில்களையும் கடிதங்களையும் பெட்டியிலிட்டுக் காத்தனர். ஆகவே, இருநூறாண்டு கழித்துப் பிறந்த ஒருவன், தன் பாட்டனுக்குப் பாட்டன் இன்ன ஊரில் இன்ன தொழில் செய்தான் என்று ஏட்டின்மேல் விரல் வைத்துக் காட்ட இயலும்.

யானோ தோட்டத்துக் கிராணி. பிறர் பெயரை ஏட்டில் எழுதுவதே என் தொழில். எனினும் என் பாட்டனாரைப் பெற்றவரின் பெயரைத் துணிந்து எழுத என்னால் ஆகவில்லை. வீட்டிலுள்ள பழந்தாள்கள் இரண்டனுள் ஒன்று மாரிமுத்து என்கிறது. மற்றொன்று மருதமுத்து என்கிறது. எழுதிய கை எதுவோ, என்னைப் போன்ற ஒரு கிராணியின் கையாகத்தான் இருக்கவேண்டும். இக்குறை நெஞ்சை உறுத்தியமையால், பெயர் பெற்ற வமிசமொன்றின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தேன். அது கிளாட்ஸ்டன் வமிசம்.

இக்குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்து இங்கிலாந்தில் வேரூன்றியது. தாமஸ் என்பார் எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் தானிய வியாபாரி. அவருடைய மூத்த குமாரர் ஜான் 1764ஆம் ஆண்டில் பிறந்து, 1787இல் லிவர்ப்பூல் நகரிற் குடியேறினார். தானியத்தில் தொடங்கிய வாணிகம் பருத்திக்கும் சர்க்கரைக்கும் படர்ந்தது. தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள டெமராராவில் கரும்புத் தோட்டங்கள் அவர் கைக்கு வந்தன. அவர் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 1829இல் ஸ்காட்லாந்தில் ஃபாஸ்க் என்னும் மாளிகையையும் நிலத்தையும் வாங்கினார். 1846இல் பரம்பரையாய்த் தொடரும் பாரனெட் பட்டமும் பெற்றார். குடும்பப் பெயர் முன்னர் ‘கிளாட்ஸ்டன்ஸ்’ என்று வழங்கியது. அதன் ஈற்றெழுத்தை நீக்கிக்கொள்ள 1835இல் அரசரின் அனுமதி பெறப்பட்டது. ஓரெழுத்துக்கு ஓர் அரச ஆணை!

நிற்க. டெமராராவில் ஜானுக்குரிய தோட்டங்களுள் ஒன்றன் பெயர் ‘சக்ஸஸ்’. வெற்றி என்பது அதன் பொருள். 1823 ஆகஸ்டு மாதத்தில் அந்நாட்டு அடிமைகள் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் விடுதலை வேண்டிக் கிளர்ந்தனர். கிளர்ச்சி அத்தோட்டத்திலேயே தொடங்கிற்று. முன்னின்றவர் அங்குப் பீப்பாய் செய்யும் தொழிலாளி. அவர் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். ஆம், உடையவனின் பெயரே அடிமைக்கும் பெயராயிற்று. அவர் தந்தை குவாமினா, சிறுபிராயத்தில் தாயோடு ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்து விற்கப்பட்டவர். இரத்தம் சிந்தலாகாதென்று மகனைத் தடுத்தவரும் அவரே. அவரைச் சுட்டுக் கொன்று, உடலைச் சக்ஸஸ் தோட்டத்தின் எதிரே சங்கிலியிற் கட்டித் தொங்கவிட்டனர். ஜாக், செயின்ட் லூசியா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். குடும்பப் பெயரைச் சுமந்த இவ்விருதலைமுறைக்கு வமிசாவளியில் இடமில்லை.

ஜானுடைய நான்காம் புதல்வர் வில்லியம், பின்னாளில் நான்கு முறை பிரதம மந்திரியாய் இருந்தவர். இருபத்துமூன்றாம் வயதில், 1833இல், பார்லிமெண்டில் அடிமை ஒழிப்பு விவாதம் நடந்தபொழுது, தந்தையின் தோட்டமொன்றைப்பற்றி எழுந்த குற்றச்சாட்டை மறுத்துப் பேசினார். அவ்வாண்டே சட்டம் நிறைவேறியது. இரண்டு கோடிப் பவுன் நஷ்டஈடு வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைக்கன்று, அடிமையை உடையவருக்கு! 2,508 பேருக்கு ஈடாக ஜான் பெற்ற தொகை 106,769 பவுன். விடுதலை பெற்றோரோ, பயிற்சித் தொழிலாளர் என்னும் பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில் உழைக்கவேண்டியிருந்தது.

அதற்குப்பின் கரும்பு வெட்டுவார் யார்? இக்கேள்வியே நம் வரலாற்றின் வாயிலைத் திறந்தது. 1836 ஜனவரியில் ஜான், கல்கத்தாவிலிருந்த கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தில் அனுப்ப இயலுமா என்று வினவினார். இயலும் என்று விடை வந்தது. அவ்விடையில், மலைநாட்டு மக்கள் மனிதரினும் குரங்கினத்துக்கே அணித்தானவர் எனப் பேசப்படுவதாகவும் கண்டிருந்தது. விட்பி, ஹெஸ்பரஸ் என்னும் இரு கப்பல்கள் 1838 ஜனவரியில் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டன. வழியில் மாண்டோர் நீங்க, 396 பேர் மே மாதம் 5ஆம் நாள் பிரிட்டிஷ் கயானாவிற் கரையேறினர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியுமுன் ஏறக்குறைய நூறு பேர் இறந்தனர். அடிமை முறையை எதிர்த்த சங்கத்தார் அங்கு நடந்த கொடுமைகளை வெளிப்படுத்தவே, ஆள் ஏற்றுதல் சில ஆண்டு நின்றது. 1845இல் மீண்டும் தொடங்கியது. சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. நம்மவர் ‘சஞ்சிக் கூலி’ என்றழைத்த இவ்வொப்பந்த முறை மலாயாவில் 1910இல்தான் ஒழிந்தது.

வில்லியத்தின் புகழை யான் மறைக்க விரும்பவில்லை. 1870இல் கல்விச் சட்டம், 1872இல் இரகசிய வாக்கு, அயர்லாந்தின் தன்னாட்சிக்காக இருமுறை போராட்டம் ஆகிய யாவும் அவர் காலத்துச் செயல்கள். 1898இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். ஆயினும், அவர் கல்விக்கும் பதவிக்கும் அடித்தளமாயிருந்த செல்வம் எங்கே விளைந்தது என்பதை மறந்து அப்புகழைப் படித்தல் அரைப்படிப்பாகும்.

அவருடைய இளைய குமாரர் ஹெர்பர்ட், 1910 முதல் 1914 வரை தென் ஆப்பிரிக்க யூனியனின் முதல் கவர்னர்-ஜெனரல். அங்கு நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் சென்னையிலிருந்து சென்றோருட் பெரும்பாலார் தமிழரும் தெலுங்கருமாவர். ஒப்பந்தம் முடிந்தபின் தங்கியோர்மீது விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்து, 1913இல் காந்தியடிகள் வழிகாட்ட ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914இல் உயிர் நீத்தாள். அவ்வாண்டே வரி ஒழிந்தது. பாட்டன் கடிதத்தால் கயானாவில் தொடங்கிவைத்த கூலி முறையின் வழக்கு, வேறொரு கண்டத்திற் பேரன் மேசைக்கு வந்து சேர்ந்தமை காண்க.

2023 ஆகஸ்டில், கிளர்ச்சியின் இருநூறாம் ஆண்டில், அவ்வமிசத்தார் சிலர் கயானா சென்று, முன்னோர் செய்கைக்கு வெட்கமும் வருத்தமும் தெரிவித்து மன்னிப்புக் கோரினர். சொல்லால் மட்டும் கடன் தீருமோ என்று அங்குக் கேட்டவரும் உண்டு. அது நியாயமான கேள்வியே. எனினும் ஒன்று கருதத்தக்கது. தம் முன்னோர் செய்ததை அவர்கள் அறிந்தது ஏடு இருந்தமையால். அவ்வேட்டைக் கூசாமற் படித்தமையால்.

அன்பர்களே, நம்மிடம் அவ்வேடு எங்கே? குலப்பெருமை பேசுவதற்கு வமிசாவளி வேண்டுவதில்லை. அப்பெருமையால் நாம் பட்டது போதும். உழைத்தவர் பெயர் அழியாதிருக்க அது வேண்டும். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த முதியோர் இன்றும் சிலர் உளர். அவர்தம் தந்தை பெயரையும், தாய் பெயரையும், விட்டுவந்த ஊரையும், பால் வெட்டிய தோட்டத்தையும் கேட்டு, பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலாயினும் இன்றே எழுதி வையுங்கள். தாயின் பெயரை விடாதீர்கள். எந்த ஏட்டிலும் முதலில் விடுபடுவது அதுவே.

யானும் என் வீட்டுப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். முதல் வரியில் மாரிமுத்து, மருதமுத்து என்னும் இரு பெயர்களையும் எழுதியிருக்கிறேன். எதனையும் அடிக்கவில்லை. இரண்டில் ஒன்றுக்கு அவர் ‘ஏன்’ என்று குரல் கொடுத்திருப்பார்.