ஒரே கூரை, நாலு கடை

போன வாரம் பெரியப்பா எஃப்டி புதுப்பிக்க பேங்குக்குப் போனார். திரும்பி வந்தப்போ கையில் யூலிப் பாலிசி! "தங்கமான பையன்டா, காபியெல்லாம் வாங்கிக் கொடுத்தான்" என்றார். பேங்க் பேர் வேண்டாம், விடுங்க. டெபாசிட் வாங்குற இடமும் சரக்கு விக்கிற இடமும் ஒண்ணா இருந்தா வர்ற வினை இது. இதுக்கு வயசு கிட்டத்தட்ட நூறு. கதாநாயகன், வில்லன் ரெண்டுமே அமெரிக்காவின் சிட்டி வங்கிதான்.

முதல்ல ஒரு பெரிய பேங்குக்குள்ள என்னென்ன கடை இருக்கும்னு பார்த்துடுவோம். ஒண்ணு, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு: சேவிங்ஸ் அக்கவுண்ட், வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு. ரெண்டாவது, கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும்: கடன் கொடுக்கிறது, அவங்களோட பங்கு, கடன் பத்திரங்களை சந்தையில் வித்துக் கொடுக்கிறது. மூணாவது, பணக்காரங்க சொத்தைப் பார்த்துக்கிறது. நாலாவது, இன்சூரன்ஸ். முதல் கடைக்கு மக்களோட நம்பிக்கைதான் மூலதனம். ரெண்டாவது கடைக்கோ சரக்கு வித்தாகணும். சிக்கல் இங்கதான் ஆரம்பம்.

1812 ஜூன் 16-ல் நியூயார்க்கில் பிறந்த இந்த வங்கிக்கு 1920-களில் பேரு நேஷனல் சிட்டி. தலைவர் சார்லஸ் மிட்செல். பக்கத்திலேயே நேஷனல் சிட்டி கம்பெனின்னு ஒரு பத்திரக் கடை. பேங்கை நம்பி வந்தவங்க தலையில் பெரு நாட்டுக் கடன் பத்திரங்களைக் கட்டினாங்க. பெருவுக்குக் கடன் கொடுக்கிறது ஆபத்துன்னு சொந்த ஆளுங்களே எழுதி வெச்சிருந்தாங்க. வாங்கினவங்க காதுக்கு அது போகலை. 1931-ல் பெரு கையை விரிச்சுது.

1933 பிப்ரவரியில் செனட் விசாரணை. வக்கீல் ஃபெர்டினாண்ட் பெகோரா எல்லாத்தையும் வெளியே இழுத்துப் போட்டார். மிட்செல் ராஜினாமா. அந்த வருஷம் ஜூன் 16-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்தோடு வந்தது கிளாஸ்-ஸ்டீகல் சட்டம். டெபாசிட் கடை வேற, பத்திரக் கடை வேற. தேதியைப் பாருங்க, பேங்குக்கு 121-வது பிறந்தநாள் பரிசு :-) பின்னாடி வந்த சட்டங்கள் இன்சூரன்ஸையும் தள்ளி வெச்சுது.

சுவரைக் கட்ட வெச்ச அதே பேங்க்தான் அதை இடிக்கவும் செஞ்சது. 1998 ஏப்ரல் 6-ல் ஜான் ரீடின் சிட்டிகார்ப்பும் சாண்டி வெய்லின் டிராவலர்ஸும் இணையப் போறதா அறிவிச்சாங்க. டிராவலர்ஸ்கிட்ட இன்சூரன்ஸும் உண்டு, சாலமன் ஸ்மித் பார்னிங்கிற பத்திரக் கடையும் உண்டு. சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள, நீட்டிப்பு கிடைச்சா அஞ்சு வருஷத்துக்குள்ள, ஒத்துவராததை வித்தாகணும். அவங்க போட்ட கணக்கு வேற: அதுக்குள்ள சட்டமே மாறிடும்! மாறிச்சு. 1999 நவம்பர் 12-ல் கிளிண்டன் கையெழுத்து போட்டார்.

ஆனா குடித்தனம் நடக்கலை. சொத்து இன்சூரன்ஸை 2002-ல் தனியா பிரிச்சாங்க. ஆயுள் இன்சூரன்ஸ் 2005-ல் மெட்லைஃபுக்குப் போச்சு. 2008-ல் வீட்டுக் கடன் பத்திரங்கள் வெடிச்சப்போ அமெரிக்க அரசு 4,500 கோடி டாலர் போட்டுத்தான் சிட்டியைக் காப்பாத்துச்சு. பழைய சட்டம் இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதுன்னு நான் சொல்ல வரலை. லேமன் பிரதர்ஸ் மூழ்கினது டெபாசிட் கடை நடத்தி இல்லை. ஆனா 2012-ல் பெரிய பேங்குகளை உடைக்கணும்னு சொன்னவர் யார் தெரியுமா? சாட்சாத் சாண்டி வெய்லேதான்!

2023 மார்ச்சில் சிட்டியோட இந்திய சில்லறைக் கடை ஆக்ஸிஸ் வங்கி கைக்கு வந்தது. அதே செப்டம்பரில் சிட்டி தன்னை அஞ்சு பிரிவா மாத்தி அடுக்கிக்கறதா அறிவிச்சுது. அதுல இன்சூரன்ஸ் இல்லை.

நம்ம ஊர்ல பாலிசி கைக்கு வந்து 30 நாளைக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கலாம். நாளைக்குக் காலையில் பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு நானும் பேங்குக்குப் போறேன். காபியை வீட்டிலேயே குடிச்சுட்டு.