தோட்டத்து மாதரும் பாட்டுச் செல்வமும்

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது பெயர்களையே. சங்கத்தை நிறுவியவர் யார், கோயிலை எழுப்பியவர் யார், பத்திரிகை நடத்தியவர் யார் என்று வினவுகின்றனர். மலாயாத் தமிழர் சரித்திரமும் இம்முறையிலேயே எழுதப்பட்டு வந்தது. ஆடவர் பெயர்கள் அதில் நிரம்பியுள்ளன. ஆனால், நம் மக்கள் கித்தாக் காட்டில் அடைந்த இன்ப துன்பங்களைப் பாட்டாக்கி, ஏட்டின் துணையின்றி வாய்மொழியாகவே காத்து வந்தவர் யார் என்று கேட்டால், நாம் வாயடைத்து நிற்கிறோம். பாட்டு சில உண்டு. பாடியவள் பெயர் இல்லை. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, இதனை நீக்க வழி யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவருள் தொடக்கத்தில் ஆடவரே மிகப் பெரும்பாலோர். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே தோன்றியிருந்த கங்காணி முறை அதன் பின்னர் ஓங்கி வளர்ந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் குடும்பத்தோடு அழைத்து வந்தான். ஆதலின் பெண்களின் தொகையும் பெருகலாயிற்று. கிள்ளான், காப்பார், பத்து தீகா முதலிய இடங்களைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் லயங்கள் குடும்பங்களால் நிறைந்தன. இந்திய அரசாங்கம் 1938-ல் கூலிகளை அனுப்புவதை நிறுத்திய காலத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை தோன்றிவிட்டது.

அப்பெண்கள் கொணர்ந்த சீதனம் யாது? தகரப் பெட்டியும் இரண்டொரு சேலையும் மட்டுமா? தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெம்மாங்கும் அவர்களோடு கப்பலேறி வந்தன. வந்த இடத்தில் அவை வந்தபடியே கிடக்கவில்லை. நாற்று நட்ட வயல் இங்கே இல்லை. ஆகவே நடவுப் பாட்டின் மெட்டு நிரை பிடித்துப் பால் வெட்டும் வேலைக்குச் சென்றது. கப்பற் பயணமும், கங்காணியின் ஆசை வார்த்தையும், விடியுமுன் ஊதும் பெரட்டும், காட்டுக் குளிரும், கள்ளுக்கடையில் கரையும் சம்பளமும் பாட்டின் பொருளாயின. மெட்டு தாய்நாட்டினுடையது; சொல் இந்நாட்டினுடையது. இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் மலாயாத் தமிழரின் முதல் இலக்கியம் பிறந்தது என்று நாம் துணிந்து கூறுவோம்.

ஒப்பாரியை மட்டும் சற்று நோக்குவோம். அது மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பாட்டன்று. மெட்டும் சில அடிகளும் மரபு வழி வந்தவை. மற்றவை அவ்விடத்திலேயே கட்டப்படுவன. இறந்தவர் பெருமையைச் சொல்லிவரும் பெண், அதனூடே தன் குறையையும் சொல்லிவிடுவாள். மாமியார் கொடுமை, உடன்பிறந்தான் பாராமுகம், கடன் தொல்லை ஆகிய யாவும் அங்கே வெளிப்படும். சபையில் வாய் திறக்க உரிமையற்ற பெண்ணுக்கு, இழவு வீடு ஒன்றே தடையின்றிப் பேசும் மேடையாயிருந்தது. இப்படிக் கணத்திலே கவி கட்டும் ஆற்றலை ஆடவரிடம் கண்டால் ஆசுகவி என்று பட்டம் சூட்டுகிறோம். பெண்ணிடம் கண்டால் அழுகை என்று ஒதுக்குகிறோம். இது நீதியாகுமா?

பெயர் மறைந்ததற்கு முதற் காரணம் இங்கே விளங்கும். தோட்டத் திருவிழாவில் தப்பும் உறுமியும் கொட்டியவர் ஆடவர். கூத்து மேடையில் பெண் வேடம் பூண்டவரும் ஆடவரே. அவர்கள் கலைஞர் எனப்பட்டனர். பெண் பாடியதோ தொட்டிலருகிலும் நிரையிலும் இழவு வீட்டிலும். அது வீட்டு வேலையோடு ஒன்றாக எண்ணப்பட்டது. சோறு சமைத்தவள் பெயரை யார் எழுதி வைத்தனர், பாட்டுப் பாடியவள் பெயரை எழுதி வைக்க?

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்ததை நேயர்கள் அறிவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிக் குண்டுக்குத் தொழிலாளர் உயிரிழந்தனர். அன்று வைக்கப்பட்ட கோரிக்கைகளுள், தோட்டப் பெண்களை மானபங்கம் செய்வது நிறுத்தப்பட வேண்டும் என்பதும் ஒன்று. பெண்கள் அனுபவித்த கொடுமை கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாக நிற்கிறது. அதனை அனுபவித்தவர்கள் தம் வாயால் சொன்னது எங்கே? அவர்கள் மனுவோ கடிதமோ எழுதக் கற்பிக்கப்பட்டவர் அல்லர். அவர்களுக்கிருந்த ஏடு பாட்டு ஒன்றே. அவ்வேட்டை நாம் புரட்டிப் பார்க்கவில்லை.

நகரத்தின் நிலை வேறு. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வேயிலும் அரசாங்க உத்தியோகங்களிலும் அமர்ந்த தமிழ்க் குடும்பங்கள், தங்கள் பெண்மக்களுக்கு வாய்ப்பாட்டும் வீணையும் பயிற்றுவித்தன. 1981-ல் தோன்றிய நுண்கலைக் கோயில் இன்று அங்கே சங்கீதமும் நடனமும் போதித்து வருகிறது. இவை போற்றத்தக்கவையே. அச்சங்கீத மேடையும் பெண்களுக்கு எளிதில் கிட்டியதன்று. திருவையாற்று ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தில், தியாகராஜர் சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1968-ல் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு வழங்கப்படும் வரை ஒரு பெண்ணையும் அடையவில்லை. எனினும் அப்பெண்களின் பெயர்கள் இசைத்தட்டிலும் பத்திரிகையிலும் நிலைத்தன. தோட்டத்துப் பாட்டுக்கோ ஆசிரியரும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை, மேடையும் இல்லை. நகரத்துக்குக் குடியேறிய பேத்தி அரங்கேற்றம் செய்கிறாள். பாட்டியின் கும்மியோ நாகரிகக் குறைவென்று அடுக்களையிலேயே நின்றுவிடுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதியா? உழைப்பாளர் இசையைப் போற்றும் பிற நாட்டிலும் இதுவே நடந்தது. அமெரிக்காவில் அப்பலேசிய மலைநாட்டு ஏழை மக்களின் பாட்டிலிருந்து வளர்ந்தது புளூகிராஸ் என்னும் இசை. பிடிலும் மாண்டலினும், ஆப்பிரிக்க அடிமைகள் வழி வந்த பாஞ்சோவும் அதன் கருவிகள். அதன் தந்தை என்று பில் மன்றோவைச் சொல்வர். அவருடைய குழுவின் பெயரே ‘புளூ கிராஸ் பையன்கள்’ என்பது. அப்பையன்களிடையே 1943 முதல் மூன்றாண்டு ஒரு பெண் இருந்தார். சாலி ஆன் பாரெஸ்டர் என்ற அம்மாதரசி அக்கார்டியன் வாசித்தார். 1945-ல் குழு செய்த இசைத்தட்டுப் பதிவிலும் அவர் வாசிப்பு உண்டு. ஆயினும் நெடுங்காலம் அவர் பெயரைச் சரித்திரக்காரர் பொருட்படுத்தவில்லை. அவருக்கு முன்னரே, 1927-ல், கார்ட்டர் குடும்பத்தின் சாராவும் மேபெல்லும் பிரிஸ்டல் நகரில் பாடிப் பதிந்த பாட்டுகள் இவ்விசைக்கு ஊற்றாயின.

ஹேசல் டிக்கன்ஸ் என்ற பெண்மணியின் கதை நம் தோட்டத்தாருக்கு நன்கு விளங்கும். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்; பிழைப்புக்காகப் பால்டிமோர் நகரம் சென்று ஆலையில் உழைத்தவர். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு மாண்ட உடன்பிறந்தானை எண்ணி அவர் பாட்டுக் கட்டினார். ஆலிஸ் ஜெரார்டு என்ற தோழியுடன் 1965-ல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு, புளூகிராஸில் பெண்கள் தலைமை தாங்கிய முதல் முயற்சிகளுள் ஒன்று. 2011-ல் அவர் காலமானார். புளூகிராஸ் கீர்த்தி மண்டபத்தில் அவ்விருவர் பெயரும் இடம்பெற்றது 2017-ல்தான். அவ்வாண்டிலேதான் மாலி டட்டில், சர்வதேச புளூகிராஸ் சங்கத்தின் சிறந்த கிதார் வித்வான் என்ற பரிசைப் பெற்ற முதற் பெண்மணியானார். காலந்தாழ்ந்த நீதிதான், ஆயினும் அங்கே பதிவு இருந்தது, ஆகவே நீதி செய்ய முடிந்தது.

நம்மவரிடையே அத்தகைய பெண்மணி இல்லாமற் போகவில்லை. இலங்கை மலைநாட்டில் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தேயிலைத் தோட்டத்தாரின் துயரை அனைவரும் அறிந்த மெட்டுகளில் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். 1940-ல் அப்பாட்டுகளைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். அச்சேறிய அந்தச் சில பக்கங்களால் அன்றோ அவர் பெயர் இன்றும் நிற்கிறது! நம் நாட்டிலும் முத்தம்மாள் பழனிசாமி தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினார். ஒருவர் தனித்துச் செய்த அவ்வேலை, ஒரு சமூகம் கூடிச் செய்ய வேண்டிய வேலையாகும்.

காலமோ காத்திருக்கவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் கித்தாத் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின; பின்னர் அவற்றுள் பல வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயம் போயிற்று, பெரட்டுக் களம் போயிற்று, ஆயாக் கொட்டகை போயிற்று. அங்கே பாடிய பெண்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் முதுமை எய்தி அமர்ந்திருக்கின்றனர். ஒரு மூதாட்டி மறையுந்தோறும் ஒரு சுவடிக் கட்டு எரிகிறது. இதனை உணர்த்த வேறு புள்ளிவிவரம் வேண்டுவதில்லை.

ஆதலின் நேயர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியதே. இன்று ஒவ்வொருவர் கையிலும் குரலைப் பதியும் கைப்பேசி உண்டு. வீட்டிலும் அண்டையிலும் உள்ள முதிய மாதரை அணுகுங்கள். அவர்கள் இசைந்தால் பாட்டைப் பதியுங்கள். பாட்டோடு நின்றுவிடாமல், பாடியவர் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், எந்த வேலையில் அல்லது எந்தச் சடங்கில் பாடியது, யாரிடம் கற்றது என்னும் ஐந்தையும் தவறாது குறித்து வையுங்கள். கொச்சைச் சொல் என்று எதையும் திருத்தாதீர்கள். கங்காணியையோ கணவனையோ ஏசும் அடி வந்தால் நீக்காதீர்கள். தமிழ்ப் பள்ளிகளும் வாசகசாலைகளும் மாதர் சங்கங்களும் இவற்றைத் தொகுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறை போன்ற கல்வி நிலையங்களில் படி ஒன்றைச் சேர்க்கலாம்.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றோம், கல்வி வேண்டுமென்றோம், வாக்குரிமை வேண்டுமென்றோம். தான் கட்டிய பாட்டின் கீழ்த் தன் பெயர் நிற்கும் உரிமையும் அவற்றோடு சேர்ந்ததே. அதனை வழங்கச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கேட்கும் செவியும் எழுதும் கையும் இருந்தாற் போதும்.