மூன்று அப்பாக்களும் ஒரு கடலைப் பருப்பும்

செமஸ்டர் லீவுக்குப் பல்லடம் வந்து நாலு நாள் ஆகிறது. நேற்று மாமா வீட்டில் பச்சைக் கடலைக்காய் வேகவைத்தார்கள். அந்த வாசனை வந்தாலே எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதைதான் ஓடும். இந்த முறை அந்தக் கதையிலிருந்து கிளம்பி எங்கெங்கோ படித்துக்கொண்டே போய்விட்டேன். விளைவு இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை இதுதான். நான் மூன்றாவது படிக்கும்போது மாமா பையனுக்கு ஒன்றரை வயது. அம்முச்சி திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். இவன் தவழ்ந்து வந்து ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. முகம் சிவந்து, அப்புறம் உதடு நீலமாகிவிட்டது. ஒருவர் தலைகீழாகத் தூக்கினார், ஒருவர் உச்சந்தலையில் தட்டினார், ஒருவர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். எல்லோரும் கத்தினார்கள்.

பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். (பேர் வேண்டாம்.) அங்கே நடந்தது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் இருந்தார். நர்ஸ் இருந்தார். ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தது. ஆனால் கைக்குக் கிடைத்த மாஸ்க் பெரியவர்களுக்கானது. குழந்தையின் நெற்றியிலிருந்து தாடை வரை மூடிவிட்டது. சின்ன மாஸ்க் எந்த பீரோவில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசியில், "ஏனுங்க, இங்க வெச்சுப் பார்க்க முடியாதுங்க. கோயமுத்தூருக்கே கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

பல்லடத்திலிருந்து கோவைக்குத் திருச்சி ரோட்டில் சுமார் 35 கிலோமீட்டர். காரணம்பேட்டை, சூலூர், சிங்காநல்லூர் என்று ஒவ்வொரு சிக்னலும் உங்களுக்குத் தெரியும். மூளைக்கு ஆக்சிஜன் முழுவதுமாக நின்றுபோனால் நாலைந்து நிமிடத்தில் பாதிப்பு ஆரம்பித்துவிடும். கணக்கு எங்குமே உதைக்கிறது, இல்லையா?

பையன் பிழைத்தான். எப்படியென்றால், அந்தப் பருப்பு மூச்சுக்குழாயை அடைக்காமல் நழுவி ஒரு பக்க நுரையீரலுக்குப் போகும் கிளைக்குள் விழுந்துவிட்டது. இன்னொரு பக்கம் வேலை செய்தது. கோவையில் குழாய் விட்டு எடுத்தார்கள். இப்போது எட்டாவது படிக்கிறான். நேற்றுகூட என் தட்டிலிருந்து கடலைக்காயைத் திருடினான். ஆனால் அவனைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்தான்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. டாக்டரும் இருந்தார், ஆக்சிஜனும் இருந்தது, அப்புறம் என்ன இல்லை? அவர்கள் கெட்டவர்கள் கிடையாது, அத்தையே அப்படிச் சொல்ல மாட்டார். இல்லாதது ஒத்திகை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதற்குக்கூட யார் இலை போடுவது, யார் சாம்பார் வாளி தூக்குவது என்று முன்கூட்டியே பேசி வைக்கிறோம். மூச்சு நின்ற குழந்தை வந்தால் யார் என்ன செய்வது என்பதை மருத்துவ உலகம் எப்போது, எப்படிப் பேசி வைத்தது? தேடிப் பார்த்தால் அந்த வரலாற்றின் வாசலில் மூன்று அப்பாக்கள் நிற்கிறார்கள்.

முதல் அப்பா: பொம்மைக்காரர்

நார்வே நாட்டில் ஸ்டவாங்கர் என்ற ஊர். அங்கே ஆஸ்முண்ட் லேர்டல் என்பவர் குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1955ல் அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் மூழ்கிவிட்டான். இவர் ஓடிப்போய்த் தூக்கி, உள்ளே போன தண்ணீரை அழுத்தி வெளியேற்றிக் காப்பாற்றினார்.

சில வருடங்கள் கழித்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு பொம்மை வேண்டும் என்று டாக்டர்கள் அவரிடம் வந்தார்கள். மென்மையான பிளாஸ்டிக்கில் பொம்மை செய்யத் தெரிந்த கை, மகனை இழக்கத் தெரிந்த பயம் இரண்டும் அவரிடம் இருந்தன. 1960ல் 'ரிசஸி ஆன்' என்ற பயிற்சிப் பொம்மை வெளிவந்தது. இன்றைக்கு நம்மூர் கல்லூரிகளில் முதலுதவி வகுப்பில் தரையில் படுக்க வைக்கும் பொம்மை எல்லாம் அதன் வாரிசுகள்தான். உயிருள்ள குழந்தை மேல் முதல் தடவை பழகக் கூடாது, பொம்மை மேல் நூறு தடவை பழகிவிட்டு வர வேண்டும். ஒத்திகை என்ற எண்ணம் இங்கேதான் உருவம் எடுத்தது.

இரண்டாவது அப்பா: மருந்து தெரிந்தும் மகளை இழந்தவர்

அந்த டாக்டர்களில் முக்கியமானவர் பீட்டர் சஃபார். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போனவர். வாய்வழி மூச்சுதான் சிறந்தது என்று 1950களின் கடைசியில் ஆய்வு செய்து நிரூபித்தவர். நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தை நடத்தும் முறையை 1960ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய சி.பி.ஆர்.

1966ல் சஃபாரின் மகளுக்குக் கடுமையான ஆஸ்துமா வந்தது. இதயத்தை மீட்க முடிந்தது, மூளையை மீட்க முடியவில்லை. உலகத்துக்கே மூச்சு கொடுக்கக் கற்றுக்கொடுத்தவரின் வீட்டிலேயே இந்த நிலை.

அன்றைய அமெரிக்காவில் நோயாளியைத் தூக்கிப் போனது போலீஸ் வேன் அல்லது பிணம் ஏற்றும் வண்டி. (நம்ம ஊரில் ஆம்னி வேன் இருந்த மாதிரி!) வண்டிக்குள் கவனிக்க யாரும் கிடையாது. சஃபார் 1967ல் பிட்ஸ்பர்க் நகரில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவைக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். பயிற்சி பெற்றவர்கள் வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்கள். பட்டம் இல்லாதவர்களும் முறையாகப் பழக்கினால் உயிர் காப்பாற்றுவார்கள் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

தமிழ்நாட்டுக்கு அந்த மாதிரி வண்டி பொதுவாகக் கிடைத்தது 2008 செப்டம்பர் 15ல், 108 சேவை தொடங்கியபோது. நாற்பது வருட இடைவெளி.

மூன்றாவது அப்பா: பூட்டிய கதவு

இது எனக்கு ரொம்ப நெருக்கமான கதை. 1976 பிப்ரவரி 17. ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டாக்டர் தன் சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு மனைவி, நான்கு குழந்தைகளோடு நெப்ராஸ்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார். மூன்று குழந்தைகளுக்குத் தலையில் பலத்த அடி. இருட்டு, குளிர். ரோட்டில் போன காரை நிறுத்தி, பக்கத்தில் இருந்த சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவசர சிகிச்சைப் பிரிவு பூட்டியிருந்தது.

திறந்த பிறகும் நிம்மதி இல்லை. தலையில் அடிபட்ட குழந்தையைத் தூக்கும்போது கழுத்து ஆடாமல் பிடிக்க வேண்டும் என்ற அடிப்படைகூட கவனிக்கப்படவில்லை. வயலில் வெறும் கையோடு நான் செய்ததைவிட இங்கே கிடைத்தது மோசம் என்றால், தப்பு ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். குழந்தைகள் நால்வரும் பிழைத்தார்கள்.

அப்புறம் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு பாடத்திட்டம் எழுதினார்கள். 1978ல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் என்ற சின்ன ஊரில் முதல் வகுப்பு. 1980ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. அதுதான் ஏ.டி.எல்.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் விபத்து சிகிச்சைப் பயிற்சி. முதலில் மூச்சுப்பாதை, பிறகு மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், பிறகு மூளை, கடைசியில் உடம்பு முழுக்கப் பார்ப்பது. எது முதலில் கொல்லுமோ அதை முதலில் கவனி. நோய்க்குப் பேர் வைப்பது அப்புறம். அவ்வளவுதான் சூத்திரம். இந்தியாவுக்கு இந்தப் பயிற்சி 2009ல் டெல்லி எய்ம்ஸ் மூலமாக வந்தது. அதே 2009ல்தான் அவசர மருத்துவம் தனிப் பட்டப்படிப்பாக இங்கே அங்கீகரிக்கப்பட்டது.

கவனியுங்கள், ஸ்டைனர் இந்தப் பாடத்தைப் பெரிய நகரத்து டாக்டர்களுக்காக எழுதவில்லை. சின்ன ஊரின் முதல் கதவுக்காக எழுதினார். அதாவது பல்லடம் மாதிரி ஊருக்காக.

குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் கிடையாது

குழந்தைக்குத் தலை பெரிது, நாக்கு பெரிது, மூச்சுப்பாதை குறுகல். கொஞ்சம் வீங்கினாலே அடைத்துவிடும். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம்தான். பத்து கிலோ குழந்தைக்கு மொத்தமே 800 மில்லி. ஒரு டம்ளர் போனால் கால்வாசி போச்சு! இன்னொரு ஆபத்து, ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதும் குழந்தையின் உடம்பு ரத்த அழுத்தத்தை இழுத்துப் பிடித்துக் காட்டும். பி.பி. இறங்கும்போது நிலைமை கை மீறியிருக்கும். அதனால் பி.பி.யை நம்பாதே, நாடித் துடிப்பைப் பார், கை கால் ஜில்லிட்டிருக்கிறதா என்று பார் எனக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மருந்து எல்லாமே எடைக்குத் தகுந்த மாதிரி. ஆனால் வலிப்பில் துடிக்கும் குழந்தையைத் தராசில் வைக்க முடியுமா? 1980களில் ஜேம்ஸ் பிராஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் ஒரு டேப் கண்டுபிடித்தார். குழந்தையின் உயரத்தை அளந்தால் போதும், எந்த நிறக் கட்டத்தில் கால் முடிகிறதோ அங்கே மருந்தின் அளவு, குழாயின் சைஸ் எல்லாம் எழுதியிருக்கும். 1988ல் குழந்தைகளுக்கென்றே பி.ஏ.எல்.எஸ். என்ற பயிற்சி அமெரிக்காவில் தொடங்கியது.

ஆனால் 2008ல் வெளியான ஒரு ஆய்வு, பத்து கிலோவுக்கு மேலுள்ள இந்தியக் குழந்தைகளின் எடையை அந்த டேப் பத்து சதவீதத்துக்கும் அதிகமாகக் கூட்டிக் காட்டுகிறது என்றது. நம்ம பிள்ளைகள் ஒல்லி! டேப்பை அப்படியே நம்பினால் மருந்து கூடிப்போகும்.

எழும்பூரும் மலாவியும்

இங்கேதான் நம்ம ஊர் வரலாறு வருகிறது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்தவர் டாக்டர் இந்துமதி சந்தானம். வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே ஒப்பிக்காமல், கூட்டம் நிரம்பி வழியும் அரசு ஆஸ்பத்திரிக்குத் தகுந்த மாதிரி பயிற்சியையும் பாடநூலையும் உருவாக்கியவர். கிருமித் தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன 147 குழந்தைகளிடம் அவருடைய குழு ஒரு ஆய்வு செய்து 2008ல் வெளியிட்டது. ட்ரிப்ஸை மிக வேகமாக ஏற்றுவதற்கும் சற்று நிதானமாக ஏற்றுவதற்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள்.

இது சாதாரணக் கேள்வி இல்லை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3141 குழந்தைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2011ல் வெளியானது. கடுங்காய்ச்சலோடு வந்த குழந்தைகளுக்குப் பாடநூல்படி ட்ரிப்ஸை வேகமாக ஏற்றியபோது 48 மணி நேரத்தில் சுமார் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள். அப்படி ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். உலகமே அதிர்ந்தது.

மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் டாக்டர் எலிசபெத் மாலினக்ஸ் குழு செய்தது இன்னும் எளிமையானது. வரிசையில் நிற்கும் குழந்தைகளில் யார் சாகும் நிலையில் இருக்கிறது என்று வாசலிலேயே பிரித்து, அவர்களை முதலில் பார்க்கப் பழக்கினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளின் இறப்பு 10 முதல் 18 சதவீதம் வரை இருந்தது 6 முதல் 8 சதவீதமாகக் குறைந்தது. இதற்கு ஸ்கேன் மெஷின் தேவைப்படவில்லை. வாசலில் நிற்பவருக்குப் பயிற்சி தேவைப்பட்டது.

நம்ம ரோடு

கோவைக்கு விபத்து சிகிச்சையில் நல்ல பெயர் உண்டு. எலும்பு உடைந்து வெளியே தெரியும் காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க கங்கா மருத்துவமனை உருவாக்கிய அளவுகோல் உலகம் முழுக்கத் தெரிந்தது. திருப்பூரிலும் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரிக்கும் முறையும், குழந்தைகளுக்கான தனிப் பயிற்சியும் சேர்ந்திருக்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

எல்லாம் நல்லது. ஆனால் பெரிய கதவுகள் எவ்வளவு திறந்தாலும், குழந்தை முதலில் போவது பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவுக்குத்தான். அங்கே நான் கேட்க நினைப்பது சின்ன விஷயங்கள். சின்ன மாஸ்க் பூட்டில்லாத ஒரே இடத்தில் இருக்கிறதா? யார் மூச்சைப் பார்ப்பது, யார் ஊசி போடுவது, யார் நேரம் குறிப்பது என்று முன்பே முடிவாகியிருக்கிறதா? சொன்ன மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் பழக்கம் உண்டா? கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள்? பழகாவிட்டால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடும் என்கிறார்கள். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று அப்பாக்களும் பட்ட பிறகு செய்தார்கள். எங்கள் மாமாவும் ஒரு அப்பாதான். அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அன்றையிலிருந்து அவர் வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் யார் வந்தாலும் கடலைப் பருப்பை அரைத்துத்தான் கொடுப்பார். நேற்று ராத்திரி நான் படித்ததை எல்லாம் சொல்லி, தலையணையை மடித்து வைத்து எல்லோரையும் பழக வைத்தேன். அம்முச்சிதான் முதல் ஆளாக வந்தார். "இப்படித் தட்டோணும்னு அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா..." என்றார். மீதியைச் சொல்லவில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை பலமாக இருமினால் இருமட்டும், விடுங்கள். சத்தமே வரவில்லை, மூச்சு விட முடியவில்லை என்றால், தலை தாழ்வாக இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. போகாவிட்டால், ஒரு வயதுக்குக் கீழ் என்றால் நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து; அதற்கு மேல் என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேல்வாக்கில் ஐந்து அழுத்து. வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் சி.பி.ஆர். தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைத் துழாவ விரலை விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108க்கு அடிக்கட்டும். பக்கத்தில் எங்காவது முதலுதவி வகுப்பு நடந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிப் போய்ப் பழகுங்கள்.