பொறி உரைத்த பொய்யும் மனிதன் காத்த உலகும்

போர்க்கலையில் யந்திரத்திற்கு இடம் புதிதன்று. வில்லும் வேலும் மனிதக் கரத்தின் வலிமையைப் பெருக்கின. பீரங்கி அதனைப் பன்மடங்காக்கியது. ஆயின், மூளையின் வேலையையே யந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வேகங்கொண்டது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்த காலம் அது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஏறத்தாழ 30 நிமிடங்களில் இலக்கை எட்டிவிடும். ஆகவே இரு வல்லரசுகளும் வானில் செயற்கைக் கோள்களையும் தரையில் கணிப்பொறிகளையும் காவலுக்கு நிறுத்தின.

அக்காவலர் பொய்யுரைத்ததும் உண்டு. 1979 நவம்பர் 9 அன்று, பயிற்சிக்கென அமைத்த போலித் தாக்குதல் விவரம் அமெரிக்கக் கணிப்பொறியில் மெய்யான தாக்குதலாகத் தோன்றியது. 1980 ஜூன் 3 அன்று, ஒரு டாலர்கூடப் பெறாத சிறு மின்னணுச் சில்லு பழுதுற்று மீண்டும் அதே திகிலை விளைத்தது.

இவற்றினும் கொடியது 1983இல் நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று கொரியப் பயணி விமானமொன்றைச் சோவியத் போர் விமானம் வீழ்த்த, 269 பேர் மாண்டனர். பகைமை உச்சத்தில் இருந்தது. செப்டம்பர் 26, நள்ளிரவு கடந்த வேளை. மாஸ்கோவுக்கு அருகே செர்புகோவ்-15 என்னும் காவல் நிலையத்தில் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் பணியிலிருந்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை புறப்பட்டதாகப் பொறி அலறியது, அடுத்து நான்கு. தகவல் முற்றும் நம்பத்தக்கது என்றும் அது காட்டியது.

பெத்ரோவ் சிந்தித்தார். உலகப் போரைத் தொடங்குவோர் ஐந்தே கணைகளை ஏவுவரோ? தரையிலுள்ள ராடார்கள் ஏன் ஒன்றும் காணவில்லை? பொறியோ புதியது. ‘இது பொய் எச்சரிக்கை’ என்றே மேலிடத்திற்கு அறிவித்தார். தம் முடிவில் தமக்கு முழு உறுதி இருக்கவில்லையெனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். உயர்ந்த மேகங்களில் பட்டுத் தெறித்த கதிரொளியையே செயற்கைக் கோள் கணையெனக் கொண்டது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்நாளில் அவருக்கு வெகுமதி கிட்டவில்லை. பதிவேட்டை நிரப்பாமைக்குக் கண்டனமே கிட்டியது! 2017இல் அவர் மறைந்தார்.

இன்று போட்டி வேறு வடிவம் பூண்டுள்ளது. செயற்கை அறிவு கொண்ட படைக்கலங்களை ஆக்குவதில் அமெரிக்காவும் சீனாவும் முந்துகின்றன. உக்ரைன் போரில் இலக்கைத் தாமே இனங்காணும் ஆளில்லா விமானங்கள் களமிறங்கியுள்ளன. எனினும், அணுவாயுதத்தை ஏவும் முடிவு மனிதர் கையிலேயே இருத்தல் வேண்டுமென 2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமா நகரில் பைடனும் ஷீ ஜின்பிங்கும் உடன்பட்டது சிறு ஆறுதல்.

ரயில்வேயில் பணிபுரியும் நம்மவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சிக்னல் பழுதானால், வண்டி அதனைக் கடக்க நிலைய அதிகாரி கையொப்பமிட்ட சீட்டு தருகிறார். அக்கையொப்பத்தில் ஒரு மனிதனின் பெயரும் பொறுப்பும் உள்ளன. பொறிக்கு வேகம் உண்டு, பொறுப்பு இல்லை. ஓர் ஊரின் உயிரையோ உலகின் உயிரையோ பணயம் வைக்கும் முடிவின் கீழ் மனிதன் ஒருவன் கையெழுத்து இருந்தே தீரவேண்டும். நம் மக்கள் கணிப்பொறிக் கல்வியில் சிறந்து விளங்கட்டும்; இவ்வுண்மையையும் உடன் கற்கட்டும்.